சாட்சியின் முகம்

இன்னும் என் பெயரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எழும்ப வேண்டும், எழும்பினால் முழங்கால் நொடிக்கும், அந்தச் சத்தம் இந்த நீதிமன்ற நடை முழுக்கக் கேட்கும் என்று நினைக்கிறபோதே வெட்கமாக இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கிற மர வாங்கின் இந்த ஓரத்துக்கு மின்விசிறியின் காற்று வராது. அந்த ஓரத்துக்கு வரும், ஆனால் அங்கே எனக்கு அழைப்பாணை கொண்டுவந்த பொலிஸ் சார்ஜன்ட் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஒரே பக்கம்தான். நான் அரசாங்கத் தரப்புச் சாட்சி, அழைப்பாணையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இங்கே எதற்கு வந்திருக்கிறேன் என்பதை எனக்கே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். இரவு முழுக்க பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டுதான் வந்தேன், ஒவ்வொரு தடவையும் எங்கேயோ ஓர் இடத்தில் தட்டி நிற்கிறது. என் தங்கை தயாபரி பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்தவள். பழைய நில அளவைப் படங்களையும் இப்போது வானத்தில் இருந்து எடுக்கிற படங்களையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்து, எந்த ஊரின் எல்லை எந்த வருடம் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதினாள். நகர்த்தியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவளும் அவளோடு வேலை செய்த இரண்டு பேரும் நாட்டை விட்டுப் போனார்கள், போன பிறகு மூன்று பேர் மீதும் வழக்கு வந்தது, நாட்டுக்கு எதிராகச் சனத்தைத் தூண்டியதாக. அந்த வழக்கு பதினொரு வருடம் தூங்கிக் கிடந்தது, போன வருடம் ஆட்சி இறுகியதும் எழும்பிவிட்டது. ஆள் இல்லாமலே விசாரணை. வெளிநாட்டில் ஒரு மண்டபத்தில் அவள் பேசியதாக ஓர் ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள். படம் இல்லை, குரல் மட்டும். அந்தக் குரல் அவளுடையதுதான் என்று யாராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், அந்த யாராவது நான். ஆம் என்றால் தீர்ப்பு. அவள் இருக்கிற நாட்டில் அவளுடைய வதிவிட அனுமதியை இப்போது மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தண்டனை பெற்றவள் என்று இங்கிருந்து ஒரு தாள் போனால் திருப்பி ஏற்றிவிடுவார்கள், இறங்குகிற இடத்தில் இவர்கள் நிற்பார்கள். இல்லை என்றால் அது பொய். இந்த இடத்தில்தான் தட்டுகிறது.

பொய் சொல்லாதவன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு அது வராது, சிலருக்கு விசில் அடிக்க வராதது போல. எட்டாம் வகுப்போடு நிறுத்தி, பிறகு பஸ்ஸில் கொண்டக்டராக முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். ஏறினவர்கள் எத்தனை, இறங்கினவர்கள் எத்தனை என்று மனது தன்பாட்டில் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும், ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டில் கோயிலில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. இப்போதும் இந்த நடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பதினேழு, கறுப்புக் கோட்டுக்காரரைச் சேர்க்காமல். கூச்சக்காரனுக்குக் கொண்டக்டர் வேலை எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். முகம் பார்க்காமலே செய்யக்கூடிய வேலை அது என்பது அவர்களுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் பார்த்தால் போதும். குரலை வைத்தே ஆளைத் தெரியும். பின் சீட்டில் இருந்து ஒருவர் தும்மினால் அவர் மந்திகை ஆஸ்பத்திரியில் இறங்குகிறவர் என்று சொல்லுவேன். சார்ஜன்ட் வீட்டுக்கு வந்து அழைப்பாணையைத் தந்தபோது இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்து முகாமில் கடமையில் இருந்தபோது பழகின தமிழ் அவருக்கு, மரியாதையான தமிழ்தான். "ஐயா பயம் வேணாம். பஸ் ஆளுங்க எல்லாரோட குரலும் உங்களுக்குத் தெரியும்னு ஊரே சொல்லுது. கூடப் பிறந்த தங்கச்சி குரல் தெரியாமப் போகுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன் என்று அவர் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். பயத்தில் வாய் விரிந்திருக்கும். தேத்தண்ணி கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, என் மனைவி இராசமலர்தான் கொடுத்தாள், அவர் குடித்துவிட்டு, "அம்மா, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். அதற்கும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

தெரியாமல் போகுமா. போகாது. அதுதானே பிரச்சினை. அவளுடைய குரல் எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும், பள்ளிக்கூட விடுமுறையில் என் பஸ்ஸில் ஏறிக்கொள்வாள். நான் வாசலில் நின்று ஊர்ப் பெயர் சொல்ல வெட்கப்படுவேன். "அண்ணை, நீங்கள் கூப்பிடுறது உங்களுக்கே கேக்காது, தள்ளுங்கோ," என்று சொல்லி மிதிபலகையில் ஏறி நின்று கத்துவாள், நெல்லியடி, மாலுசந்தி, பருத்தித்துறை, ஏறுங்கோ ஏறுங்கோ, அம்மா உங்களைத்தான், சேலையைத் தூக்கிப் பிடியுங்கோ. சனம் சிரித்துக்கொண்டு ஏறும். சாரதி என்னைப் பார்த்து, "டேய் சபாநாதன், சம்பளத்தை அவளிட்டக் குடுத்திட்டு நீ போய்ப் பள்ளிக்கூடத்தில இரு," என்பார். மெல்லிய குரல், ஆனால் வெட்டும். அண்ணை என்று சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் மேலே தூக்குவாள், கேள்வி கேட்கிறது போல. அந்தத் தூக்கலைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவில் அவள் அண்ணை என்று சொல்லப்போவதில்லை. மண்டபத்தில் எந்த அண்ணை. ஆனால் வேறு ஏதாவது சொல்லில் அந்தத் தூக்கல் வரும், வந்தால் என் முகம் அசையும், அசைந்தால் முடிந்தது. அழைப்பாணை வந்த கிழமையே நிரஞ்சலா அதைத்தான் சொன்னாள். எனக்காகக் கூட வருகிற வழக்கறிஞர். மகள் வயது, என்றாலும் நான் நீங்கள் என்றுதான் கதைப்பேன். "ஐயா, என்ன சொல்ல வேணும் எண்டு நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது. அது சட்டப்படி பிழை. ஆனா முகத்தைப் பற்றிச் சொல்லலாம். நீங்கள் வாயால சொல்றது மட்டும் பதிவாகிறதில்லை. சாட்சி தடுமாறினார், வேர்த்தார், அழுதார் எண்டு நீதிபதி அதையும் எழுதுவிக்கலாம். எழுதுவிச்சா அதுவும் சாட்சியம்தான்." முகம் என்னுடையது, ஆனால் அதை நான் ஒருநாளும் பார்த்துக்கொண்டு இருந்ததில்லையே, சவரம் செய்யும்போதுகூடத் தாடையைத்தான் பார்ப்பேன்.

அதற்குத்தான் வீட்டில் இராசமலர் பயிற்சி தந்தாள். இரண்டு கிழமை. நான் கிணற்றடியில் நிற்பேன், சாப்பிடுவேன், பின்னால் வந்து திடீரென்று தயாபரி மாதிரி, "அண்ணை?" என்பாள். நான் திரும்பிவிடுவேன். "பாருங்கோ, பாருங்கோ, புருவம் ஏறுது. மூக்கும் விரியுது. நீங்கள் கூண்டில ஏறத் தேவையில்லை, மூக்கை மட்டும் அனுப்பினாக் காணும்." மரக்கட்டை போல இருக்கப் பழகினேன். கடைசி நாட்களில் அவள் தயாபரி மாதிரிச் சொன்னால் சோறு அள்ளுகிற கை நிற்காது. அவளுக்கே ஆச்சரியம். பிறகு அவள் வெளியே போய் வேலியோரம் நின்று மூக்கைச் சிந்தினாள். தயாபரி எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு இருந்தவள், இராசமலரின் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் கம்பசுக்குப் போனவள். வீட்டில் பிள்ளை இல்லாததற்கு அவள்தான் இருந்தாள். இப்போது அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு, தெரியாதவள் ஆக்கிப் பழகிக்கொண்டோம். இந்த வாங்கு ஏன் இப்படிச் சரிந்திருக்கிறது, ஒரு கால் கட்டையாக இருக்க வேண்டும், பதினேழு பேரில் யாராவது எழும்பினால் மற்றப் பக்கம் ஏறுகிறது. பசிக்கவில்லை. மூத்திரம் முட்டுகிறது, ஆனால் போன நேரத்தில் கூப்பிட்டால்? கூப்பிட்டு ஆள் இல்லை என்றால் அதுவும் ஒரு குற்றமாக இருக்கும். அவளைக் குற்றவாளி ஆக்கியதே கூப்பிட்டபோது இல்லாததால்தான் என்று தோன்றுகிறது. மூன்று பேரின் பெயரையும் வாசலில் நின்று ஒரு சேவகன் ஒவ்வொரு தவணைக்கும் கூப்பிடுவானாம். கடல் தாண்டிக் கேட்குமா. சட்டம் அப்படித்தான், ஐயா, என்றாள் நிரஞ்சலா.

குரலைக் கேட்டுப் பன்னிரண்டு வருடம். போன புதிதில் இரண்டு வருடம் கதைத்தாள், அங்கே குளிர், இங்கே வெயில், பல் கொதி, மாமரம் பூத்ததா. வழக்கு வந்ததும் யாரோ படித்த ஆள் சொன்னார், கதைக்கிறது எல்லாம் பதிவாகும், ஒரு வசனம் போதும் வழக்குக் கோவையில் சேர்க்க. அதோடு நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைபேசி இரண்டு தரம் அடித்து நிற்கும். எடுக்கக்கூடாது. அது அவள், சுகமாக இருக்கிறாள். கொஞ்சம் விட்டு நான் ஒரு தரம் அடித்து வெட்டுவேன். நாங்களும் சுகம். மணி அடித்ததற்கு யாரும் வழக்குப் போட ஏலாது. நல்ல ஏற்பாடு என்று எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இராசமலர் மேசையில் தொலைபேசியை நடுவில் வைத்துவிட்டு, ஒரு விருந்தாளி வருவது போல முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். ஒருநாள் மூன்றாவது தரமும் அடித்தது. என் கை தன்பாட்டில் போனது, இராசமலர் கையில் தட்டினாள். நின்றுவிட்டது. மூன்று என்றால் என்ன என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. வருத்தமா, இடம் மாறுகிறாளா, அல்லது அங்கே விரல் கொஞ்சம் பிந்திவிட்டதா. அடுத்த ஞாயிறு மறுபடி இரண்டு. ஆனால் அந்த மூன்றாவது மணி இன்னமும் எனக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்திருந்தால் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஒரு சொல்லுக்கு என்ன செய்துவிடுவார்கள். என்னவும் செய்வார்கள். ஒரு சொல்லுக்குத்தானே இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே உண்மையாகச் சொன்னால், எனக்குள் ஒரு கள்ளச் சந்தோசமும் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. இராசமலரிடமும் இல்லை. இன்றைக்கு நான் அவளுடைய குரலைக் கேட்கப்போகிறேன். இவர்கள்தான் கேட்கத் தரப்போகிறார்கள், அரசாங்கச் செலவில். காலையில் நல்ல சட்டை எடுத்துப் போட்டபோது நீதிமன்றத்துக்கு என்றுதான் நினைத்தேன், பொத்தான் பூட்டும்போது அது அவளுக்காக என்று தெரிந்தது.

சார்ஜன்ட் எழும்பி என் பக்கம் வருகிறார். கையில் இரண்டு பிளாஸ்டிக் கோப்பை. "ஐயா, பிளேன்டீ. சீனி கம்மியாப் போடச் சொன்னேன்." வாங்காமல் விட்டால் கோபிப்பாரோ, வாங்கினால் நிரஞ்சலா கோபிப்பாளோ. வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன். சூடு. விசாரணை தமிழில் இல்லை என்பதால் மொழிபெயர்ப்பாளரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், ஜவாஹிர் என்று பெயர், என்னைவிடக் கொஞ்சம் இளமை, வெள்ளைத் தாடி. "எந்த ஊர் ஐயா? வடமராட்சியா? அப்ப கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ஒங்க ஊர்க்காரங்க வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கும்." நான் வேகமாகப் பேசியதே இல்லை, என்றாலும் தலையை ஆட்டினேன். அவர் அக்கரைப்பற்றுக்காரராம். அவருடைய குரல் எனக்குப் பிடித்திருக்கிறது. இரவு பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் இருந்து சாரதியைத் தூங்கவிடாமல் கதைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இருக்கிற குரல். உண்மையைச் சொல்லுவேன் என்று அவர் சொல்லித்தர நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, எனக்குத் தெரியாது என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும். இரண்டுதான், சொல்லிவிடலாம். எனக்குத் தெரியாது. ஏழு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து விடிய விடிய என் தோளில் கிடந்தபோது காதுக்குள் முனகினாளே, அதுவும் எனக்குத் தெரியாது. விமான நிலையத்தில், "அழாதேங்கோ அண்ணை, ஆக்கள் பாக்கினம்," என்றாளே, அது? தெரியாது, ஐயா. தெரியாது, தெரியாது என்று ஒரு சீராகச் சொல்லிக்கொண்டே போனால் பொய்யின் கரடு தேய்ந்துவிடும் என்று நினைத்தேன். தேயவில்லை. கோப்பையைக் காலுக்கடியில் வைத்தேன். ஏறினவர்கள் பதினேழு. இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள், பதினைந்து. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். சபாநாதன் என்பதில் நடுவில் ஒரு தடுக்கல், ஆனால் நான்தான். முழங்கால் நொடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூண்டின் மரம் வழவழப்பாக இருக்கிறது, எத்தனை பேர் பிடித்திருப்பார்கள். சத்தியம் செய்தேன், ஜவாஹிர் சொல்லித் தந்தபடி. பெயர், வயது, உறவு. அரசாங்க வழக்கறிஞர் பொடியன்தான், என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக் கேட்டார், கூச்சக்காரனோ என்னவோ. இப்போது ஒரு பதிவு போடப்படும், கவனமாகக் கேளுங்கள் என்றார்கள். முகத்தைக் கட்டினேன். கிணற்றடியை நினைத்தேன். சோறு அள்ளுகிற கை நிற்கக்கூடாது. ஒலிபெருக்கி கொஞ்சம் கூவிவிட்டு ஒரு மண்டபத்தின் இரைச்சல் வந்தது, கதிரை இழுபடும் சத்தம், இருமல், பிறகு ஒரு பெண் பேசத் தொடங்கினாள். தாழ்ந்த குரல், வயதானது, ஒவ்வொரு வசனம் முடிந்ததும் நிறுத்தி மூச்சு எடுக்கிற குரல். அன்பான நண்பர்களே என்றது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் போலும், இனி அவளை அறிமுகப்படுத்தி மேடைக்குக் கூப்பிடுவார், அப்போது கைதட்டல் வரும், கைதட்டலுக்குப் பிறகு அவள். தயாராக நின்றேன். அந்த அம்மா எல்லைகளைப் பற்றி ஏதோ சொன்னார், ஒரு வரைபடம் பொய் சொல்லாது, வரைகிறவர்தான் சொல்லுவார் என்றார், பதிவுக்குள் சிலர் சிரித்தார்கள். நல்லாகத்தான் கதைக்கிறார், ஆனால் எவ்வளவு நேரம் பேசுவார், அவளுக்கு நேரம் வைக்க வேண்டாமா. அதோடு நின்றது. பொடியன் பொத்தானை அமத்திவிட்டு நிமிர்ந்து முதல்தடவையாக என்னைப் பார்த்தார். அவ்வளவுதானா. அவள் இன்னும் கதைக்கவில்லையே. அதை வாய் திறந்து சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன், இல்லை, உதடு ஒட்டித்தான் இருந்தது. ஜவாஹிர் மெதுவாகக் கேட்டார், "ஐயா, இப்பப் பேசினது யார் குரல்னு கேட்கிறாங்க."

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் நான் இரண்டு சொல் வைத்திருந்தேன். அதைச் சொன்னால் போதும், சொல்லிவிட்டு இறங்கலாம். "இன்னொருக்காப் போடுங்கோ," என்றேன். நிரஞ்சலா தலையை நிமிர்த்தினாள், என்ன செய்கிறியள் ஐயா என்று கண்ணால் கேட்டாள். போட்டார்கள். இந்த முறை முகத்தைக் கட்டவில்லை, மறந்துவிட்டேன். காதை நீட்டி அந்தத் தாழ்ந்த குரலுக்குள் இறங்கித் தேடினேன். ஒரு தூக்கல். ஒரே ஒரு தூக்கல். மிதிபலகையில் நின்ற பிள்ளை எங்கே, பல் கொதிக்கு என்ன பூசுறது அண்ணை என்று கேட்டவள் எங்கே. நண்பர்களே என்பதில் தேடினேன், எல்லை என்பதில் தேடினேன், சிரிப்புக்குப் பிறகு அந்த அம்மா தானும் மெல்லச் சிரித்தார், அதற்குள்ளும் போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு களைத்த மனிசி. பஸ்ஸில் ஏறினால் நான் தலை நிமிராமல் எங்கே இறங்க வேணும் என்று கேட்டிருப்பேன். அவளாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரைக் கொண்டுவந்து போடப்போகிறார்கள், பன்னிரண்டு வருடம் குளிரிலும் பயத்திலும் தேய்ந்தால் குரல் இப்படித்தான் வந்து நிற்கும், மணியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தேய்ந்தது தெரியவில்லை. அல்லது அவள் இல்லையோ. எனக்குத் தெரியவில்லை. நான் சொல்ல வந்த பொய்யை யாரோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் உண்மையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். "தெரியேல்லை," என்றேன். "சத்தியமாத் தெரியேல்லை." மூன்றாவது தரம் போடுவீர்களா என்று கேட்க வாயைத் திறந்தேன், கேள்வி வரவில்லை, வேறு ஒரு சத்தம் வந்தது, பிறகு கண்ணில் இருந்து வடிந்து நல்ல சட்டையின் கழுத்துக்குள் போனது.

நீதிபதி ஏதோ சொன்னார், தட்டெழுத்துக்காரி அடித்தாள். கடகடவென்று, நீண்ட வசனம். அரசாங்க வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார், கேள்வி இல்லை என்றார். நிரஞ்சலா எழும்பி எதையோ ஆட்சேபித்தாள், நீதிபதி கையைக் காட்டி அமர்த்தினார். கதவோரம் நின்ற சார்ஜன்ட் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார், மரியாதையாக. "என்ன எழுதினவை?" என்று ஜவாஹிரைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "சாட்சி குரலை அறியேன் என்று கூறினாலும், அதைக் கேட்டதும் அழுதார், மறுபடி கேட்க விரும்பினார். நடத்தை குறித்துக்கொள்ளப்படுகிறது. அவ்வளவுதான்," என்றார். அது பிழை. ஒரு சொல்லும் பிழையில்லை, ஆனால் கூட்டுத்தொகை பிழை. அதை அப்படியே விட்டுவிட்டு இறங்க எனக்கு ஏலாது. கூண்டின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒருநாளும் இல்லாத சத்தத்தில் சொன்னேன், "ஐயா, நான் அழுதது தெரிஞ்சதால இல்லை. தெரியாமப் போனதாலதான். அதை அவருக்குச் சொல்லுங்கோ." நீதிமன்றம் முழுக்கக் கேட்டது. விளங்கினவர்கள் நாங்கள் மூன்று பேர்தான், நான், ஜவாஹிர், நிரஞ்சலா. நிரஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாட்சி என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜவாஹிர் என்னைப் பார்த்தார், நிரஞ்சலாவைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் திரும்பிச் சின்னதாக ஒரு வசனம் சொன்னார். நான் சொன்னதை விட மிகவும் சின்னது. தட்டெழுத்துக்காரியின் கை அசையவில்லை. "என்ன சொன்னீங்கள்?" என்றேன். குனிந்து தாள்களை அடுக்குகிறது போல என் காதுக்குக் கிட்ட வந்தார். "தண்ணி கேட்கிறீங்கன்னு சொன்னேன். மத்ததச் சொன்னா அதையும் ஒங்க தங்கச்சிக்கு எதிரா எழுதுவாங்க, ஐயா." சேவகன் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாங்கி, முழுவதையும் குடித்தேன்.